வாத்தியாரை ம்யூட் செய்யலாமா?

கே: எங்கள் கல்லூரியில் மாணவர் ஒவ்வொருவருக்கும், பொத்தானை அழுத்தி விடை சொல்லும் ரிமோட் போன்ற கிளிக்கர் தரப்போகிறார்களாம். ரிமோட்டைக் கையில் கொடுத்தால் வாத்தியாரையே ‘ம்யூட்’ பண்ணிவிடுவார்களே? – வாசகர், கூடுவாஞ்சேரி

ப: பண்ணட்டுமே, இரண்டு நிமிடம்! பாடம் ஏறுவதே அப்போதுதான். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் அறுபது தலையும் ஆடும். பொத்தானை அழுத்தச் சொன்னால்தான் உண்மை தெரியும். ஹார்வர்ட் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-ல் தொடங்கிய வழி இது: ஒரு கேள்வி, தனியாக யோசித்து விடை, பிறகு பக்கத்து மாணவரோடு வாதம், மறுபடி விடை. இப்போதுதான் புரிந்துகொண்டவருக்கே புரியாதவரின் முடிச்சு எங்கே என்று தெரியும். எல்லோரும் சரியாக அழுத்தினால் கேள்வி சப்பை. பாதிப் பேர் சறுக்கினால் அதுதான் நல்ல கேள்வி. வருகைப்பதிவுக்கு மட்டும் கிளிக்கர் என்றால், வாங்கிய காசு தண்டம்.

கே: கருவி வாங்கவே காசில்லை என்றால்?

ப: மசூரின் வழிக்கு அட்டையே போதும். அ, ஆ, இ, ஈ என்று ஆளுக்கு நாலு அட்டை. நெஞ்சோடு ஒட்டிப் பிடித்தால் பக்கத்து பெஞ்சுக்குத் தெரியாது. பொத்தேரியில் ரயிலிறங்கி ஓடிவரும் கடைசி பெஞ்சு மாணவியும், வாய் திறக்காமலே, கூசாமல் விடை சொல்வாள். ஆசிரியர்களே, நாளை முதல் பீரியடிலேயே ஆரம்பியுங்கள்.