உச்சந்தலையும் எச்சமும்: கோலாலம்பூர் பறவைப் பூங்காவை முன்வைத்து ஓர் ஆய்வு

கோலாலம்பூர் பறவைப் பூங்காவுக்குப் போய்வந்தவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் மயில் வருகிறது, இருவாய்ச்சி வருகிறது, பூநாரை வருகிறது, உள்ளே இருக்கும் உணவகத்தின் விலைப்பட்டியல்கூட வருகிறது. அங்கே நடக்கும் ஒவ்வொருவரும் தோளைக் குறுக்கிக்கொண்டு உள்ளுக்குள் அஞ்சுகிற ஒன்று மட்டும் வருவதில்லை. முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு கிடைக்காமல் ஒரே காப்பியத்தை முப்பது பேர் பங்குபோட்டுக்கொள்ளும் காலத்தில், இவ்வளவு செழிப்பான ஒரு பொருள் கேட்பாரற்றுக் கிடப்பது வருத்தத்துக்குரியது.

எனவே இக்கட்டுரை. பேசுபொருள், பறவை எச்சம். ஆய்வெல்லை, பார்வையாளரின் உச்சந்தலையில் தொடங்கிச் செருப்பில் முடியும். ஆய்வுமுறை, கள ஆய்வு. தரவுகள் சில ஆய்வாளர் மேலேயே நேரடியாக வந்து சேர்ந்தவை ஆதலால் அவற்றின் நம்பகத்தன்மையில் ஐயம் வேண்டா என்க.

முதலில் களம். ஆங்கிலேய அதிகாரி ஆல்ஃபிரட் வென்னிங்கின் முயற்சியால் 1888இல் தொடங்கிய ஏரித் தோட்டம் இன்று பெர்டானா தாவரவியல் பூங்கா என்ற பெயரில் இருக்கிறது. அந்த வளாகத்தில், தேசியப் பள்ளிவாசலிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், 1991 முதல் பறவைப் பூங்கா இயங்கிவருகிறது. பரப்பு ஏறக்குறைய 21 ஏக்கர். 200 வகைகளைச் சேர்ந்த 3,000 பறவைகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். பூங்காவின் பெரும்பகுதி, பள்ளத்தாக்கின் மேல் உயரமாக வலையைப் போர்த்தி, அதற்குள் மரம், ஓடை, நடைபாதை, மனிதர் எல்லாவற்றையும் ஒன்றாக விட்ட திறந்தவெளி. பத்துமலை, இரட்டைக் கோபுரம், கெந்திங் மலை என்று ஓடும் நம்மவர் சுற்றுலா வண்டி இங்கே நிறுத்தினால் ஒன்றரை மணி நேரம் கொடுக்கும். ஆய்வுக்கு அது போதும்; மூவாயிரம் பறவைகளுக்கும் அது தாராளமாகப் போதும்.

கூண்டு வைத்த பழைய மிருகக்காட்சிசாலையில் இந்தச் சிக்கல் எழவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் பறவை, இந்தப் பக்கம் நாம். அதன் எச்சம் அதன் தரையிலேயே விழும். பறவையின் சிறகுக்கு இரங்கிக் கம்பியை எடுத்த நல்லவர்கள், அந்தக் கம்பி நம் சட்டையையும் காத்துவந்தது என்பதை மறந்துவிட்டார்கள். 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்காக மனிதர் உள்ளே நடந்துபோகும்படி ஒரு பெரிய பறவைக்கூண்டு கட்டப்பட்டது. அன்றிலிருந்து மனிதகுலம் பறவைக்கு நேர் கீழே நிற்பதற்குக் காசு கொடுத்துவருகிறது.

நம் பக்கத்து வரலாறு இன்னும் சுவையானது. சிங்கப்பூரின் அன்றைய நிதியமைச்சர் கோ கெங் சுவீ உலக வங்கிக் கூட்டத்துக்காக ரியோ டி ஜெனிரோ போனபோது அங்கே ஒரு பறவைக்கூடத்தைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் அப்படி ஒன்று வேண்டும் என்றார். 1971 ஜனவரி 3இல் ஜூரோங் பறவைப் பூங்கா திறந்தது. மிருகக்காட்சிசாலையை விடுத்துப் பறவைப் பூங்காவை அவர் முதலில் தேர்ந்ததற்கு, புலிக்குப் போடும் இறைச்சியைவிடக் குருவிக்குப் போடும் தானியம் மலிவு என்பதும் ஒரு காரணம் என்பார்கள். பொருளியல் அறிஞருக்கு ஏற்ற சிக்கனம்தான். ஆனால் உள்ளே போவதைக் கணக்கிட்டவர் வெளியே வருவதைக் கணக்கிட்டதாகச் சான்று இல்லை. ஜூரோங் 2023 ஜனவரி 3இல் மூடப்பட்டு, பறவைகள் சிங்கப்பூரின் மண்டாய் பகுதிக்குக் குடிபெயர்ந்து, அதே ஆண்டு மே மாதம் புதிய பூங்கா திறந்தது. கணக்கு இன்னும் பாக்கி.

இனி அறிவியல். சட்டையில் விழுவதில் வெள்ளையாக இருப்பதைப் பறவையின் மலம் என்று நினைத்து முகம் சுளிப்பவர்கள் பலர். அவர்கள் தெளிவு பெறுக: வெள்ளை என்பது சிறுநீர், நடுவில் இருக்கும் கரும்பொட்டுதான் மலம். பறவைக்கு நம்மைப்போல் சிறுநீர்ப்பை கிடையாது. கழிவு நைட்ரஜனை நாம் யூரியாவாக்கித் தண்ணீரில் கரைத்து அனுப்புகிறோம்; பறவை யூரிக் அமிலமாக்கிக் குழம்புப் பதத்தில் அனுப்புகிறது. முட்டைக்குள் அடைபட்டுக் கிடக்கும் குஞ்சு, கரையும் கழிவை வெளியேற்ற வழியின்றி அதிலேயே ஊறிக் கெட்டுப்போகாமல் இருக்க இந்த ஏற்பாடு உதவுகிறது. தண்ணீரைச் சுமக்காமல் பறப்பதற்கும் உதவுகிறது. ஆக, உங்கள் தோளில் விழுந்தது ஓர் உயிரினம் வானத்தில் ஏறுவதற்காகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் மேற்கொண்ட எடைக்குறைப்பின் பயன் என்பது பெறப்படும். இதைச் சொல்லி ஆறுதல் அளிக்க முயன்றால் பட்டவர் கோபம் கூடுகிறது என்பதும் களத்தில் கண்டது.

பல பறவைகள் கிளம்புவதற்குச் சற்று முன் பாரத்தை இறக்கிவிடும். கிளையில் இருக்கும் பறவை உடலை முன்னே சாய்த்து, வாலை லேசாகத் தூக்கினால் படம் எடுக்க அருமையான கோணம் கிடைக்கும். எடுக்காமல் ஓரடி நகர்வது அறிவுடைமை.

எல்லாப் பறவையும் ஒன்றுபோல் செய்வதில்லை. நாரையை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூர் பூங்காவில் மஞ்சள் அலகு நாரைகள் மரத்தில் கூடுகட்டி இனம்பெருக்கி வாழ்கின்றன. வெயில் ஏறினால் நாரை தன் காலிலேயே எச்சமிட்டுக்கொள்ளும். ஈரம் ஆவியாகும்போது காலில் ஓடும் ரத்தம் குளிர்கிறது. கால் வெள்ளை பூசினாற்போல் இருப்பதைப் பார்த்து நோயோ என்று பரிதாபப்பட வேண்டியதில்லை. சொந்தச் சரக்கைச் சொந்தக் காலிலேயே செலவிடும் இந்தப் பறவையைப் பார்வையாளர் சங்கம் எதுவும் இதுவரை பாராட்டாதது ஏன் என்று தெரியவில்லை.

இருவாய்ச்சிக்கு மலேசியாவில் தனி மரியாதை. ஐந்து ரிங்கிட் நோட்டில் இருப்பதே அதுதான். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலை மண்ணும் எச்சமும் குழைத்து அடைத்து, ஒரு கீறல் மட்டும் விட்டு உள்ளேயே அடைகாக்கும். ஆண் அந்தக் கீறல் வழியே பழம் ஊட்டும். அதே கீறல் வழியே எச்சம் வெளியே பீய்ச்சப்படும். குஞ்சும் இந்தக் கலையைச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறது. ஒரே சன்னலில் சாப்பாடும் சுகாதாரமும் நடக்க வேண்டுமானால் குறி தப்பக்கூடாது. ஆண் பறவை எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைத் தனி ஆய்வாக எடுத்துச் செய்யலாம்.

லோரி கிளி வேறு ரகம். அதன் நாக்கு நுனி தூரிகை போன்றது. பூந்தேனே பிரதான உணவு. ஆகவே வெளிவருவதும் நீர்ப்பதம். ஜூரோங்கில் லோரிகளுக்காகவே ஒரு கூடம் இருந்தது. தேன்நீர்க் கிண்ணத்தைக் காசு கொடுத்து வாங்கி நீட்டினால் கைமேல், தோள்மேல், தலைமேல் கிளிகள் வந்து உட்காரும். தேன் அதற்குள் போகும் வேகத்தையும் திரும்பி வரும் வேகத்தையும் ஒப்பிட்டால், இடையில் கிளி ஒரு குழாய் மட்டுமே என்று சொல்லத் தோன்றும். காசும் நம்முடையது, சட்டையும் நம்முடையது.

இத்துறையில் முன்னோர் ஆய்வு இல்லை என்பாரும் உளர். அது பொருந்தாமை காண்க. 2003இல் துருவ உயிரியல் இதழ் ஒன்றில், பென்குவின் எச்சமிடும்போது உண்டாகும் அழுத்தம் எவ்வளவு என்று இரண்டு அறிவியலாளர்கள் கணக்கிட்டு எழுதினார்கள். கூட்டில் இருந்தபடியே அது ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் தூரத்துக்கு வெளியே அனுப்புகிறதாம். 2005இல் அவர்களுக்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. பிரிவு, பாய்ம இயக்கவியல். மதிக்கத்தக்க பணிதான். ஆனால் அது கிடைமட்டத்தைப் பற்றியது. நமக்குப் பயன்படுவது செங்குத்து. பத்து மீட்டர் உயரக் கிளையிலிருந்து விழும் பொருள் தரைக்கு வர ஏறக்குறைய 1.4 நொடி ஆகும். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால் வந்துசேரும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். விலகிக்கொள்ள 1.4 நொடி ஏராளம். ஆனால் அந்த நேரத்தில் பார்வையாளர் மயிலைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்.

மயில் வழியில் நின்று தோகை விரித்து எல்லார் கவனத்தையும் தரைமட்டத்தில் கட்டிப்போட, மேலேயிருப்பவை தம் வேலையை முடிக்கின்றன. இது கூட்டுச்சதியா தற்செயலா என்பது விவாதத்துக்குரியது.

எச்சம் பட்டவருக்கு அந்தச் செய்தி கடைசியாகத்தான் எட்டும். முதலில் எதிரே வரும் அன்னியருக்குத் தெரியும். அவர் சீனரோ மலாய்க்காரரோ ஐரோப்பியரோ, தம் தோளைத் தாமே தட்டிக் காட்டி, மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்து நகர்வார். இந்த ஒரு சைகைக்கு உலகில் எங்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவதில்லை. அடுத்துக் குழந்தைகளுக்குத் தெரியும். பிறகு மனைவிக்கு. நம்மவர் குடும்பம் ஒன்றிடம் பதிவான உரையாடல் இது:

"என்னங்க, அசையாதீங்க."

"ஏன்?"

"அசையாதீங்கன்னா அசையாதீங்க. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

துடைப்பது பற்றி இரு கொள்கைகள் நிலவுகின்றன. உடனே ஈரத்தாளால் துடைப்பது ஒன்று. யூரிக் அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது. ஒரு பொட்டாக இருந்தது சட்டை முழுக்க வரைபடமாக விரியும். காயவிட்டு உதிர்ப்பது மற்றொன்று. கொள்கையளவில் இதுவே சரி. ஆனால் கோலாலம்பூரின் ஈரக்காற்றில் அது காய்வதற்குள் ஊர் திரும்பும் விமானம் கிளம்பிவிடும்.

எந்த நிறச் சட்டை என்பதிலும் கட்சி உண்டு. வெள்ளைச் சட்டையில் வெள்ளை தெரியாது என்பது ஒரு சாரார் வாதம். பழம் தின்னும் பறவைகளின் ஊதாவையும் பச்சையையும் இவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கறுப்புச் சட்டைக்காரர்களால் எதையும் மறைக்க முடியாது என்பது வெளிப்படை. இதில் அரசியல் ஏதும் இல்லை. குடை பிடிக்கலாமே என்று கேட்கலாம். பிற்பகலில் இடியோடு மழை கொட்டும் ஊரில் குடை எடுத்துப்போவது இயல்புதான்; ஆனால் பறவை பார்க்கப் போய்க் குடைத்துணியின் உட்புறத்தைப் பார்த்துவிட்டு வருவதற்கு நுழைவுச்சீட்டு வாங்குவானேன்?

சட்டச் சிக்கல் ஒன்றும் உண்டு. வலைக்கு மேலே வந்து உட்காரும் ஊர்க் காக்கையும் மைனாவும் பூங்காவின் கணக்கில் இல்லாதவை. அவற்றின் எச்சமும் வலைக்கண் வழியே உள்ளேதான் விழும். நுழைவுச்சீட்டு எந்தப் பறவையின் எச்சத்துக்கு நாம் கொடுத்த சம்மதம் என்று யாராவது வழக்குப் போட்டால்தான் தெளிவு பிறக்கும்.

நம் பஞ்சாங்கங்களில் பல்லி விழும் பலன் உறுப்பு உறுப்பாக அச்சிடப்படுகிறது. அளவில் பன்மடங்கு பெரிய இந்த நிகழ்வுக்கு ஓர் அட்டவணை இல்லை. ஆய்வாளரின் தற்காலிகப் பரிந்துரை வருமாறு: தலையில் விழுந்தால் உறவினர் நகைப்பு. வலத்தோளில் விழுந்தால் அன்னியர் நட்பு. கேமரா லென்ஸில் விழுந்தால் பொருட்செலவு. ஐஸ்கிரீமில் விழுந்தால் பொருள் நாசம், குழந்தை அழுகை, மறுபடியும் பொருட்செலவு. செருப்பில் விழுந்தால் பலன் இல்லை.

இவ்வளவு சொல்லியும் எச்சத்தை இழிவாகப் பார்ப்பவர்களுக்குச் சில செய்திகள். பெரு நாட்டின் கருவூலம் ஒரு காலத்தில் கடற்பறவை எச்சத்தை உரமாக விற்றே நிறைந்தது. அது குவிந்துகிடந்த சின்சா தீவுகளை 1864இல் ஸ்பெயின் பிடித்துக்கொள்ள, போர் மூண்டது. எச்சம் கிடக்கும் ஆளில்லாத தீவைக் கண்டுபிடிக்கும் குடிமகன் அதைத் தன் நாட்டுக்கென்று உரிமை கொண்டாடலாம் என்று 1856இல் அமெரிக்கா சட்டமே போட்டிருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? வேடந்தாங்கல் ஏரியில் விழும் எச்சம் தண்ணீரை உரமாக்கி வயலுக்கு அனுப்புகிறது என்பதை அறிந்த ஊர்க்காரர்கள், அங்கே சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டுப் பறவைகளுக்குப் பாதுகாப்பு வாங்கினார்கள். இத்துறையின் முதல் தமிழ் ஆய்வாளர்கள் அவர்களே. பட்டம் மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

2009இல் பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்தார், செயற்கைக்கோள் படங்களில் பனிமேல் தெரிந்த எச்சக் கறையை வைத்தே பேரரசப் பென்குவின்களின் புதிய குடியிருப்புகளைக் கண்டுபிடித்தார்கள். பென்குவின் படத்தில் தெரியவில்லை, கறை தெரிந்தது. கோலாலம்பூரிலும் இதுவே விதி. நுழைவாயிலில் கொடுக்கும் வரைபடம் கழிப்பறை எங்கே என்று காட்டும். பறவை எங்கே என்பதைத் தரைதான் காட்டும். நடைபாதையில் வெள்ளைப் புள்ளிகள் அடர்ந்த இடத்துக்கு நேர் மேலே பறவைகளுக்குப் பிடித்த கிளை ஒன்று இருக்கும். அதில் ஒரு கூடும் இருக்கலாம். சட்டைக்குப் பயந்து பளிச்சென்ற தரையில் மட்டும் நடப்பவர் பளிச்சென்று வெளியே வருவார். அவர் பார்த்திருப்பதோ வழியில் நின்ற மயிலை மட்டும்தான். ஆகவே போகிறவர்கள் முதலில் கீழே பாருங்கள், தொப்பியை இறுக்கிக்கொள்ளுங்கள், கறை அதிகமாக இருக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். அண்ணாந்து பார்க்கும்போது வாயை மட்டும் மூடிக்கொள்ளுங்கள்.