எக்ஸ் என்றால் என்ன?

லண்டன் ஆபீஸில் சேர்ந்த முதல் வாரம். சம்பளக் கணக்கு பார்க்கும் அம்மையாரிடமிருந்து போனில் ஒரு மெசேஜ்: பேங்க் விவரம் இன்னும் வரவில்லை, நாளைக்குள் அனுப்பவும். கடைசியில் தன்னந்தனியாக ஒரு ஆங்கில எக்ஸ் எழுத்து. பேரன் எடுத்தவர்; விரல் தவறிப் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். விவரத்தை அனுப்பியதும் நன்றி வந்தது. இந்த முறை இரண்டு எக்ஸ்.

பக்கத்து சீட்டுக்காரனிடம் காட்டினேன். "முத்தம்" என்றான்.

எனக்கு வேர்த்துவிட்டது. அவனே தண்ணீர் கொடுத்து விளக்கினான். நாம் கடிதத்தில் 'இப்படிக்கு' போடுவதைப் போல இங்கே எக்ஸ். அம்மா போடுவாள், அத்தை போடுவாள், சமயத்தில் வீட்டுக்காரம்மாகூட வாடகை கேட்டுவிட்டுப் போடுவாள். நேற்று வரை போட்டவர் இன்று போடாமல் விட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

"அப்போ நிஜமாவே காதலிக்கிறவங்க என்ன போடுவாங்க?"

"அதே எக்ஸ்தான்."

"வித்தியாசம் எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றான். நாற்பதை நெருங்குகிறான், இன்னும் தனிக்கட்டை. காரணம் புரிந்தது.

இதற்கு முன் மூன்று வருஷம் நியூ ஜெர்சியில் குப்பை கொட்டியவன் நான். அங்கே இந்தப் பூடகமெல்லாம் கிடையாது. என் ரூம்மேட் ஒஹையோக்காரன். செவ்வாய்க்கிழமை ஒரு பெண்ணோடு சாப்பாடு, வியாழக்கிழமை இன்னொருத்தியோடு காபி. எங்கள் ஊரில் இதற்குப் பெயர் வேறு. முகத்தைச் சுளித்தேன். "இன்னும் நாங்க எக்ஸ்க்ளூசிவ் ஆகலையே" என்றான், டெண்டர் இன்னும் திறக்கவில்லை என்கிற தோரணையில். அந்தப் பெண்களுக்கும் இதே சட்டம்தானாம். கடைசியில் யாராவது ஒருத்தியோடு உட்கார்ந்து முறைப்படி பேசி முடிப்பார்கள்: இனி நீயும் வேறு யாரையும் பார்ப்பதில்லை, நானும் பார்ப்பதில்லை. அந்தப் பேச்சுக்குப் போன அன்று அவன் சட்டையை இஸ்திரி போட்டான். அப்ரைசலுக்குக்கூடப் போடாதவன்!

காதல் சந்திப்பைக் குறிக்கும் 'டேட்' என்ற சொல் பிறந்த நேரமே அப்படி. 1896-இல் சிகாகோ பத்திரிகையில் ஜார்ஜ் ஏட் எழுதிய பத்தியை அதன் ஆரம்பகாலச் சான்றாகக் காட்டுவார்கள். அதில் ஒரு குமாஸ்தா, தனக்குரிய டேட்டுகளையெல்லாம் வேறொருவன் பிடித்துக்கொண்டானோ என்று காதலியிடம் புலம்புகிறான். சொல்லோடு கூடவே போட்டிக்காரனும் பிறந்துவிட்டான்.

இந்த அமெரிக்க ஞானத்தோடு லண்டனில் ஒருவனிடம், "நீயும் அவளும் எக்ஸ்க்ளூசிவா?" என்று கேட்டுத் தொலைத்தேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருந்தால்கூட அப்படி முகம் சிவந்திருக்காது. அவர்கள் வழி வேறு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்துப் பேர் கும்பலாக பப்புக்குப் போவார்கள். ஆளுக்கொரு ரவுண்டு வாங்குவார்கள். நாலைந்து வாரம் கழித்துப் பார்த்தால் அதில் இரண்டு பேர் ஒரே பஸ்ஸில் ஆபீஸ் வருவார்கள். யார் யாரைக் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. எல்லாம் மழைமீதும் பீர்மீதும் பழிபோட்டு நடந்து முடிந்துவிடும்.

அடுத்து ஆறு மாதம் டப்ளின். இங்கேதான் மானம் போனது. ஒரு திங்கட்கிழமை டீ குடிக்கும்போது ஒருவன் கண்ணடித்து, "சனிக்கிழமை ராத்திரி ஷிஃப்ட் கிடைச்சுதா?" என்றான்.

"எனக்கு ஷிஃப்ட் புதுசில்லை. சென்னையில் மூணு வருஷம் நைட் ஷிஃப்ட்தான். வாரம் அஞ்சு நாள். எட்டுப் பேர் டீம். கம்பெனியே வண்டி அனுப்பும்" என்றேன்.

டீ அவன் மூக்கு வழியாக வந்தது. ஷிஃப்ட் என்றால் அயர்லாந்தில் முத்தம். அன்று முதல் ஆபீஸில் எனக்குத் தனி மரியாதை.

ஆனால் அந்த நாட்டில் ஒரு விஷயம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கிளேர் கவுன்டியில் லிஸ்டூன்வார்னா என்று சின்ன ஊர். அறுவடை முடித்துக் கையில் காசோடு விவசாயிகள் பெண் தேடி வந்த இடம். இன்றும் செப்டம்பரில் அங்கே வரன் பார்க்கும் திருவிழா நடக்கிறது. வில்லி டேலி என்று பரம்பரைத் தரகர். அவரிடம் தாத்தா காலத்து நோட்டு, தாள் தாளாகப் பிரிந்து, கட்டிப்போட்ட நிலையில். கண்ணை மூடி இரண்டு கையையும் அதன்மேல் வைத்தால் ஆறு மாதத்தில் கல்யாணம் என்று நம்பிக்கை. எனக்கு ஜாதகம் கொண்டுவந்த தரகரின் ரப்பர் பேண்ட் போட்ட டைரியும் இதே லட்சணம்தான். அயர்லாந்துக்காரர்கள் ஜாதகம் மட்டும் கேட்பதில்லை.

லண்டன் திரும்பிய பிறகு எனக்கும் அந்த எக்ஸ் தொற்றிக்கொண்டது. ஒரு நாள் கும்பகோணத்திலிருக்கும் மனைவிக்கு, "சாப்பிட்டாச்சா?" என்று எழுதி, கை போன போக்கில் ஒரு எக்ஸும் போட்டு அனுப்பிவிட்டேன். அவள் கணக்கு டீச்சர். எக்ஸைக் கண்டால் அதன் மதிப்பைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டாள். பள்ளியில் யாரையோ கேட்டிருக்கிறாள். ராத்திரி பதில் வந்தது:

"இது யாருக்கு அனுப்ப வேண்டியது?"