வலது கைக்கு இரண்டு வேலை

கணினி முன்னால் நான் எத்தனை நேரம் உட்காருவேன் என்பது அலுவலக வேலையைப் பொறுத்ததல்ல. மேசை மேல் எந்தச் சம்படம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

சிக்கலெல்லாம் வலது கையில். இடது கையால் தின்றால் செத்துப்போன பாட்டி கனவில் வந்து திட்டுவாள். மௌஸையும் வலது கைதான் பிடித்தாக வேண்டும். ஆகவே சாத்தூர் காராச்சேவு வந்த வாரம் ஒரு பிடி வாயில், விரல் லுங்கியில், பிறகு ஒரு க்ளிக். பத்து நிமிட வேலை மத்தியானம் வரை இழுக்கும். சம்படம் காலியாகாமல் எழுந்திருப்பதில்லை என்பது வேறு என் கொள்கை.

இழுக்க இழுக்க முடிவில்லாமல் ஓடும் திரையை 2006இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின் என்பார்கள். பக்கம் முடிந்தால்தானே ஆள் எழுந்து போவான்? அந்த முடிவையே நீக்கிவிட்டார். பிற்பாடு அதற்காக வருந்தவும் செய்தார். அடி தெரியாத சம்படத்தை என் மாமியார் அவருக்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டார். ஊரிலிருந்து வரும்போதெல்லாம் நிரப்பிவிட்டுத்தான் போவார். வருந்தியதாகத் தகவல் இல்லை.

மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. என் மனைவிக்கு அது ஒலிசார் குறியீடு. கடித்த மறுநொடி அடுக்களையிலிருந்து, “இன்னும் அதை மூடலையா?” ஆன்லைன் மீட்டிங்கிலோ, “யாரோட லைன்லயோ கரகரன்னு சத்தம் வருதே” என்பார் மேலாளர். முறுக்கை வாயிலேயே ஊறவைத்துக்கொண்டு மாத அறிக்கை முழுவதையும் கேட்டிருக்கிறேன். ஏதாவது கேள்வி கேட்டால் தலையை ஆட்டுவேன். சிந்தனையாளன் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

கடைசியில் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். அவித்த வேர்க்கடலை, தோலோடு. உரிக்க இரண்டு கையும் வேண்டுமே! “இனி எப்படி கம்ப்யூட்டர் பார்ப்பீங்க?”

வேலை நின்றது வாஸ்தவம். ஆனால் வீடியோவுக்குக் கை எதற்கு? ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடுகிறது. கடலை உரிக்கும் மெஷினில் ஆரம்பித்து, கிணறு தூர்வாருவதைத் தாண்டி, காஞ்சிபுரத்துத் தறிக்கு வந்திருந்தேன். தோலை அள்ள முறத்தோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அந்த மாம்பழக் கலர் பார்டரை நிறுத்திக் காட்டுங்க.”

“ரெண்டு கையும் வேலையா இருக்கே” என்றேன்.