தாலி கட்டும் நொடியைத் தவறவிடுவது எப்படி?

கல்யாண போட்டோகிராபர் ஆகிவிட்டீர்களா? வாழ்த்துகள். கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் போகும் அந்த ஒரு படம் மட்டும் ஆல்பத்தில் இருக்கக்கூடாது என்று விரும்புவோருக்கான குறிப்புகள் இவை.

முதலில் கேமரா. 2012இல் வந்த கேனன் 5டி மார்க் 3 செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் விடாதீர்கள். அருமையான கேமராதான், குறை சொல்ல மனம் வராது. ஆனால் அதிலுள்ள இரண்டு ஸ்லாட்டில் சிஎஃப் பறக்கும், எஸ்டி நகரும். எஸ்டி ஸ்லாட்டுக்கு யுஎச்எஸ் வேகம் கிடையாது. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய கார்டைச் செருகினாலும் நொடிக்கு 20 எம்பி அளவில்தான் எழுதும். ஆகவே ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டிலும் ஒரே நேரத்தில் ரா பதிவாகும்படி வையுங்கள். சிஎஃப் எவ்வளவு சீக்கிரம் முடித்தாலும் எஸ்டி முடிக்கும்வரை பஃபர் காலியாகாது.

கார்டு வாங்கும்போது முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 170 என்றிருந்தால் அது பெரும்பாலும் படிக்கும் வேகம். கேமராவுக்கு வேண்டிய எழுதும் வேகத்துக்கு வி30, வி60, வி90 என்று பொடியாக ஒரு குறி இருக்கும். நொடிக்குக் குறைந்தது அத்தனை எம்பி தொடர்ந்து எழுதும் என்று பொருள். கண்ணில் பட்டாலும் படாததுபோல் இருங்கள்.

இனி முகூர்த்தம். ஐயர் விரலை ஆட்டி “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்றதுமே ஷட்டரை அழுத்துங்கள், விரலை எடுக்காதீர்கள். மாப்பிள்ளை இன்னும் தாலியைத் தட்டிலிருந்து எடுத்திருக்க மாட்டார், பரவாயில்லை. நொடிக்கு 6 படம். வேகமான சிஎஃப் கார்டு மட்டும் இருந்தாலே பஃபர் தாங்குவது 18 ரா, அதாவது மூன்றே நொடி. அப்புறம் வியூஃபைண்டரில் ‘பிஸி’ என்று வரும். ஒரு ரா சுமார் 27 எம்பி. எஸ்டியில் இறங்க ஒரு நொடிக்கு மேல். மொத்தமும் காலியாக அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டு, மற்ற இரண்டையும் நாத்தனார் போட்டு, அட்சதையும் விழுந்துவிடும். நடுவில் இடறி விழும் படங்களில் ஒன்றில் நாத்தனாரின் முதுகும், இன்னொன்றில் வீடியோக்காரரின் லைட்டும் பளிச்சென்று இருக்கும்.

பதற்றத்தில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் இன்னும் நல்லது. பஃபர் வெறும் ராம். மின்சாரம் போனால் எழுதாமல் மிச்சமிருக்கும் படங்களும் போய்விடும்.

மண்டபத்தில் சிலர் எஸ்டி கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, தாலி கழுத்தருகே வரும்வரை பொறுத்து, இரண்டு மூன்றாகத் தட்டி எடுப்பார்கள். அவர்களோடு சேராதீர்கள், தொழில் படிந்துவிடும்.

பெண்ணின் அப்பா படத்தைக் கேட்டால், “மாப்பிள்ளை சார், தாலியப் பிடிச்ச மாதிரி இன்னொரு தடவ நில்லுங்க” என்று சொல்லிப் பாருங்கள். எதற்கும் பாக்கிப் பணத்தை முகூர்த்தத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.