பாடம் படித்த மொதலாளி

திருப்பூரில் பஸ் ஏறி, பெருந்துறை வழியாக ஈரோடு போய் இறங்குவதற்குள் இவரைப் போல் பத்துப் பேரையாவது பார்த்துவிடலாம். கம்பெனி இருக்காது. ஆனால் டீக்கடை முதல் மாவட்டத் தொழில் மைய வாசல் வரை அவர் ‘மொதலாளி’தான். சலவை கலையாத வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு செல்போன். பேனா மட்டும் வைத்துக்கொள்ள மாட்டார். கையெழுத்துப் போடுவது எப்போதும் மற்றவர்கள்தானே.

நட்டம் என்ற சொல்லே அவர் வாயில் வராது. “அதுல நாலு லட்சம் போயிருச்சாமே?” என்று நாம் இழுத்தால், “போகலீங்க, ஃபீஸ் கட்டுனேன்” என்பார். படித்தது அவர். ஃபீஸ் கட்டியது மாமனாரின் தென்னந்தோப்பு, மச்சானின் சேமிப்பு, வீட்டு அம்மாவின் வளையல். இதில் வளையல் மட்டும் எல்லா வகுப்புக்கும் போய் வந்திருக்கிறது.

முதல் வகுப்பு, எட்டு பவர் டேபிள் போட்ட பனியன் யூனிட். ஜாப் ஒர்க் சுமாராக ஓடிக்கொண்டிருந்தது. நொய்யல் ஆறு மாசுபடுவதால் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. துணி வரத்து நின்றது. கொஞ்சநஞ்சம் வந்ததைத் தைக்கலாமென்றால் கரண்ட் இல்லை. அப்போது எங்கள் பக்கம் கரண்ட் போவது செய்தியில்லை, வருவதுதான் செய்தி. எட்டு மெஷினையும் எடைக்குப் போடாத குறையாக விற்றுவிட்டு அவர் எடுத்த பாடம்: “கரண்ட்டை நம்பித் தொழில் பண்ணக் கூடாதுங்க.”

கரண்ட் வேண்டாத தொழில் எது? ஈமு.

ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு. கொட்டகையும் தீவனமும் கம்பெனியே தரும். வளர்ப்பதற்கு மாதம் 6,000 ரூபாய் வேறு. சினிமா நட்சத்திரங்களே டி.வி.யில் வந்து சொன்னார்கள். மொதலாளி வீட்டுக் கொல்லையில் ஆறு கழுத்துகள் முளைத்தன. தெருப்பிள்ளைகள் பார்க்க வந்தார்கள், சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஈமு எண்ணெய் மூட்டுவலிக்கு எப்படிக் கேட்கும் என்று விளக்குவார். மூட்டுவலி உள்ள அவர் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார். 2012 ஆகஸ்டில் கம்பெனி ஆபீஸுக்குப் பூட்டு விழுந்தது. அடுத்த வாரமே தெரிந்துவிட்டது, ஈமு கடன் சொல்லித் தின்னாது என்று. ஊரெங்கும் பட்டினியால் கத்திய பறவைகளுக்குக் கடைசியில் கால்நடைத் துறை தீவனம் போட வேண்டியதாயிற்று. அதில் மிஞ்சிய ஒரு முட்டை, கரும்பச்சை நிறத்தில், இன்றும் அவர் வீட்டு டி.வி. மேல் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் ஒரு பூ விழும்.

பாடம் இரண்டு: “உயிருள்ள எதையும் நம்பக் கூடாதுங்க.”

நடுவில் பழைய கார், சோலார் ஹீட்டர் ஏஜென்சி என்று சில்லறை வகுப்புகள். அவற்றை அவரே வேகமாகத் தாண்டிவிடுவார். 2016 நவம்பர் 8 ராத்திரி ஊரே ஐநூறையும் ஆயிரத்தையும் எண்ணிக்கொண்டு வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தபோது, எண்ண ஒன்றுமில்லாமல் நிம்மதியாகத் தூங்கிய ஒரே மொதலாளி அவர்தான்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தட்டு, கப் எல்லாவற்றுக்கும் தடை வந்தது. அவருக்கு அது சட்டமாகத் தெரியவில்லை, அழைப்பிதழாகத் தெரிந்தது. பாக்குமட்டைத் தட்டு! உயிரில்லாத மட்டை, தீனி கேட்காது. “அச்சைச் சூடு பண்ணக் கரண்ட் வேணுமே, முதல் பாடம் என்னாச்சுங்க?” என்று கேட்டேன். “அது பழைய சிலபஸ்” என்றார். உண்மையைச் சொல்ல வேண்டும், தட்டு நன்றாகவே ஓடியது. மண்டபங்களிலிருந்து ஆர்டர் வந்தது. வளையல்கூட ஒரு மாதம் வீட்டில் இருந்தது. வைகாசி முகூர்த்தங்களை நம்பி அவர் பன்னிரண்டு அங்குலத் தட்டுகளாக அடித்துக் குவித்தபோது, 2020 மார்ச்சில் ஊரடங்கு. மாப்பிள்ளை வீட்டில் பத்துப் பேர், பெண் வீட்டில் பத்துப் பேர் என்று வாசலிலேயே தாலி கட்டினார்கள். ஆடியில் தட்டுகளில் பூசணம் பூத்தது. அந்த வீட்டில் இன்றைக்கும் தண்ணீர்க் குடத்துக்கு மூடி பாக்குமட்டை, குப்பை அள்ளுவது பாக்குமட்டை, நாய் சாப்பிடுவதும் பாக்குமட்டையில்.

பாடம் மூன்று: “கூட்டத்தை நம்பித் தொழில் பண்ணக் கூடாதுங்க.” அதன் பிறகு அவர் மேடைப் பேச்சாளரானார்.

போன மாதம் ஓர் இன்ஜினீயரிங் கல்லூரியில் பேசினார், என்னையும் கூட்டிப்போனார். ஓட்டலில் சர்வராக இருந்த ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்ட கதையில் ஆரம்பித்தார். “ஸ்டீவ் ஜாப்ஸை 1985ல அவர் கம்பெனியே வெளிய அனுப்புச்சு. என்னை 2012ல ஈமுக்கோழி அனுப்புச்சு” என்றதும் அரங்கம் அதிர்ந்தது. ஆண் ஈமுதான் அடைகாக்கும், எட்டு வாரம் ஏறக்குறைய ஒன்றும் தின்னாமல் உட்கார்ந்திருக்கும், தொழில்முனைவோருக்கு அந்தப் பொறுமை வேண்டும் என்றார். (இதை ஒருமுறை வீட்டில் சொல்லிப் பார்த்திருக்கிறார். “அது எட்டு வாரத்துல பொரிச்சுருதுங்க” என்று பதில் வந்தது.) வாழ்க்கையில் பன்னிரண்டு டர்னிங் பாயின்ட் என்று விரல் மடக்கினார். கொல்லிமலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 70. ஆனால் அங்கே பஸ் மேலே போய்ச் சேர்ந்துவிடும்.

கடைசியில், “நெருங்கின நண்பர்கிட்டக் கடன் வாங்காதீங்க, உறவு கெட்டுப்போகும்” என்று சொல்லி, முன்வரிசையில் இருந்த என்னைக் கையால் காட்டினார். மாணவர்கள் கைதட்டினார்கள். எழுந்து ஒரு கும்பிடு போட்டேன். கொடுத்த 60,000 ரூபாய்க்கு இதுவரை வந்த வட்டி அதுதான்.

திரும்பி வந்ததும் வீட்டுக்குக் காப்பி சாப்பிடக் கூப்பிட்டார். பொன்னாடையைக் கொடியில் போட்டார். வீட்டு அம்மா நினைவுக் கேடயத்தைத் திருப்பிப் பார்த்து, “பெட்ரோலுக்காவது குடுத்தாங்களா?” என்று மட்டும் கேட்டார். மொதலாளி காதில் விழவில்லை. மேஜைக்கடியிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து, தாள்களை என் முன்னால் விரித்தார்.

“இந்தத் தடவை ரிஸ்க்கே இல்லீங்க. கழுதைப் பால். லிட்டர் ஆயிரக்கணக்குல போகுது. லோனுக்கு நீங்க ஒரு ஜாமீன் கையெழுத்து மட்டும்...”

“கழுதைக்கு உயிர் உண்டே” என்றேன்.

“நாலு காலுங்க. ஈமுவுக்கு ரெண்டுதான். அங்கதான் தப்புப் பண்ணினேன்.”

அவர் முகத்தைப் பார்த்தால் மறுக்க மனசு வராது. இதுதான் அவரிடம் உள்ள சங்கடம். கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. அதற்குள் காப்பி டம்ளரை வைத்த அந்த அம்மா, “அண்ணா, பேனாவைக் கொஞ்சம் குடுங்க, பால் கணக்கு எழுதோணும்” என்று கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

காப்பி குடித்தேன். இன்னொரு காப்பியும் குடித்தேன். அரை லிட்டர் பால் வாங்குகிற வீடு. அன்றைக்கு இருட்டும்வரை அந்தக் கணக்கு முடியவில்லை.