பெயர்பெயர்ப்பு அண்ணாச்சி

தூத்துக்குடிப் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் இப்படி ஒருத்தர் அகப்படுவார். துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். கையில் வேர்ச்சொல் அகராதி, வாயில் மக்ரூன். (மக்ரூனுக்கு இன்னும் தமிழ்ப்பெயர் சூட்டவில்லை, தின்று முடிக்கட்டும்.) புது ஆளைக் கண்டால் சுகம் விசாரிக்க மாட்டார்.

"பேரு என்னடே?"

"ஸ்டீபன், அண்ணாச்சி."

"கிரேக்கத்துல முடின்னு அர்த்தம். இனிமே நீ முடியப்பன்."

பையன் கப்பலுக்குப் போகிறவன். "கப்பல் சான்றிதழ் சிடிசி-ல ஒரு பேரு, பாஸ்போர்ட்ல ஒரு பேருன்னா ஏஜெண்டு ஏற விடமாட்டான் அண்ணாச்சி."

"ஏஜெண்டு பேரு என்ன?"

அண்ணாச்சியை லேசில் மடக்க முடியாது. பவுல் என்றால் சிறியவர், அதனால் சின்னப்பர்; யோவான் அருளப்பர். இவையெல்லாம் சபையே வழங்கியவை. காமநாயக்கன்பட்டியில் ஊழியம் செய்த வீரமாமுனிவர் தேம்பாவணியில் சூசையை வளனாக்கினார். வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். எல்லாவற்றுக்கும் மேலாக, 1713-இல் கட்டிய கோயிலில் இருக்கும் பனிமய மாதா. போர்த்துக்கீசியப் பெயரின் நேர் தமிழாக்கம். மீனுக்குப் போடும் ஐஸ் தவிர உறைபனி எதையும் கண்டிராத ஊர் அதை ஏற்றுக்கொள்ளவில்லையா என்பார். நியாயம்தான். ஆனால் காப்பியத்தில் வருகிறவர்களுக்கு ரேஷன் கார்டு கிடையாதே!

அவரைத் திணறடிப்பவை குடும்பப் பெயர்கள். 1530-களில் பரதவர் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றபோது வந்து ஒட்டியவை: மோத்தா, மச்சாது, பர்னாந்து. கண் மருத்துவர் சாமன்ஹாப் உருவாக்கி 1887-இல் வெளியிட்ட எஸ்பெராண்டோ மொழியிலும் இப்படிப் பெயரை மாற்றுவது உண்டு; அதில் பெயர்ச்சொல் எல்லாம் ஓகாரத்தில் முடியும். பீட்டர் அங்கே பெத்ரோ. "அப்போ பெர்னாண்டோ, மச்சாடோவை அவங்க தொடவே வேண்டாமே" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று அண்ணாச்சி மக்ரூனைத் தொடவில்லை. அந்த ஓகாரத்தையும் நறுக்கிப் பர்னாந்து என்று ஊர்நாக்கு எப்போதோ தமிழாக்கிவிட்டது. வல்லநாட்டுத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்து சிலைக்கு மாலை போடுகிறவர் யாரும் பெயருக்குப் பொருள் கேட்டதில்லை. இதைச் சொன்னால், "அது ஒலிபெயர்ப்பு. நான் பொருள்பெயர்ப்பு" என்று தள்ளிவிடுவார்.

போன மாதம் முடியப்பனுக்குக் கல்யாணம். பத்திரிகை வாசகம் எழுத அண்ணாச்சிதான் வலிய வந்தார். மணமகள் லூசியா ஒளிமங்கை ஆனாள். யாரும் சண்டைக்கு வரவில்லை. மாப்பிள்ளையின் குடும்பப் பெயரான பர்னாந்துக்கு ஜெர்மானிய வேர் தேடினார். துணிவு ஒரு பாதி, பயணம் மறு பாதி. பயணத்துக்குச் சங்கத் தமிழில் 'செலவு' இருக்கிறதே! இராப்பகலாக உட்கார்ந்து, 'முடியப்பன் துணிச்செலவன்' என்று அச்சுக்குக் கொடுத்தார்.

மாப்பிள்ளையின் அப்பா பத்திரிகையைத் தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி, பட்டு எடுத்த கணக்கெல்லாமா பத்திரிகையில போடுவாங்க? அதுவும், யாரு செலவுன்னு இன்னும் பொண்ணு வீட்டுல பேசியே முடிக்கலையே!"