முதல் பாக்ஸ் அண்ணன்

நியூ ஜெர்சியில் நாலு தமிழர் கூடுகிற இடத்தில் முதல் பாக்ஸ் அண்ணன் ஒருவர் கட்டாயம் இருப்பார். அது தமிழ்ப் பள்ளி வாசலாக இருக்கலாம். பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரர் கோயில் கேன்டீனில் தோசைக்கு நிற்கிற வரிசையாகவும் இருக்கலாம். ஆளை அடையாளம் காண்பது சுலபம். மற்றவர்கள் ‘எந்த ஊரு, எந்தக் கம்பெனி, கிரீன் கார்டு வந்துடுச்சா’ என்று விசாரிப்பார்கள். அண்ணன் மட்டும் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போய்க் கேட்பார்: “தம்பி, நீங்க அதிகம் யூஸ் பண்ணாத ஈமெயில் ஐடி ஏதாச்சும் இருக்கா?”

பயந்துவிட வேண்டாம். கேட்பதெல்லாம் சாப்பாட்டுக்காகத்தான்.

அமெரிக்காவில் மீல் கிட் என்றொரு வியாபாரம் உண்டு. வாரத்தில் மூன்று இரவுச் சமையலுக்கு வேண்டிய காய், கறி, மசாலா எல்லாவற்றையும் அளந்து பொட்டலம் கட்டி, ஐஸ் பேக்கோடு அட்டைப் பெட்டியில் அடைத்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆறு படம் போட்டுச் செய்முறையை விளக்கும் கார்டும் உள்ளே இருக்கும். சமைக்க வேண்டியது நாம்தான். ஒரு தடவை சந்தா சேர்ந்துவிட்டால் நிறுத்தச் சொல்கிற வரைக்கும் பெட்டி வந்துகொண்டே இருக்கும். இது காசுக்குத் தகுமா, தகாதா என்று வீட்டுக்கு வீடு பட்டிமன்றம். அண்ணனுக்கு அதில் குழப்பமே கிடையாது. முதல் பாக்ஸ் தகும். இரண்டாவது பாக்ஸ் யோசிக்க வேண்டியது. மூன்றாவது பாக்ஸை வாங்குகிறவன் ஏமாளி.

அவர் கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. முழு விலையில் ஓர் ஆளுக்கு ஒரு வேளை ஏறத்தாழ 11 டாலர் ஆகிறது. இரண்டு பேர், மூன்று இரவு என்றால் 66. அனுப்புகிற கூலி 11 சேர்த்தால் 77. மாதம் நாலு பெட்டிக்கு 308 டாலர். இது வாரத்தில் மூன்று இரவுக்கு மட்டும்தான். மற்ற இரவுகளும் காலை டிபனும் மதியச் சாப்பாட்டு டப்பாவும் வழக்கம்போல இந்திய மளிகைக் கடையான பட்டேல் பிரதர்ஸ் கணக்கில் ஏறும். புருஷனும் பெண்டாட்டியும் ஓர் இரவு சாப்பிடுகிற 22 டாலருக்கு எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டையே கிட்டத்தட்ட வந்துவிடும்.

ஆனால் முதல் பாக்ஸ் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். விளம்பரத்தில் ‘16 வேளை இலவசம்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த 16ஐயும் பல பெட்டிகளுக்குப் பிரித்து, போகப் போகத் தள்ளுபடி தேய்ந்துகொண்டே வரும் என்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கும். மகனின் ரிப்போர்ட் கார்டைப் படிக்கக் கண்ணாடி தேடுகிற அண்ணன், அந்தப் பொடி எழுத்தை வெறும் கண்ணாலேயே படிப்பார். படித்து முடித்ததும் சேருவார், முதல் பாக்ஸை வாங்குவார், விலகுவார். பிறகு வேறு கம்பெனி. எல்லாக் கம்பெனியும் தீர்ந்ததும் அண்ணியின் பெயரில் ஒரு சுற்று, மகன் பெயரில் ஒரு சுற்று. திருநெல்வேலியில் இருக்கிற அம்மா பெயரிலும் ஒரு கணக்கு உண்டு. ‘உங்களைக் காணாமல் தவிக்கிறோம், திரும்பி வாருங்கள்’ என்று அந்த அம்மாள் பெயருக்கு வாரந்தோறும் கடிதம் வருகிறது. பெற்ற பிள்ளை ஒரு நாளும் அப்படி எழுதியதில்லை.

கேன்டீன் வரிசை நீளமாக இருந்தால் அண்ணன் வரலாறும் சொல்வார். 2007இல் ஸ்டாக்ஹோமில் மிடாக்ஸ்ஃப்ரிட் என்ற நிறுவனம் இந்தப் பெட்டி வியாபாரத்தைத் தொடங்கியது. 2011இல் பெர்லினில் ஹலோஃப்ரெஷ் வந்தது. 2012இல் நியூயார்க்கில் ப்ளூ ஏப்ரன் வந்தது. இந்த மூன்றாவது கம்பெனியின் பெயரைச் சொல்லும்போது மட்டும் அண்ணனின் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். 2016இல் அவர்களுக்கு வருமானம் 79.5 கோடி டாலர். அதில் விளம்பரத்துக்கும் சலுகைக்கும் போனது 14.4 கோடி. ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவு 94 டாலர் என்று பங்கு விற்பனைக்கான ஆவணத்தில் அவர்களே எழுதியிருந்தார்கள்.

“94 டாலர் தம்பி! நம்ம ஒரு தலைக்கு! பொண்ணு குடுத்த மாமனாரே எனக்கு ஒரு மோதிரத்தோட நிறுத்திக்கிட்டார்.”

2017 ஜூனில் பங்கு ஒன்று 10 டாலருக்குச் சந்தைக்கு வந்தபோது அந்தக் கம்பெனியின் மதிப்பு சுமார் 190 கோடி டாலர். 2023இல் வேறொரு நிறுவனம் அதை 10.3 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. இந்தச் சரிவில் உங்களுக்கும் பங்கு உண்டா என்று கேட்டால் அண்ணன் அடக்கமாகச் சிரிப்பார். “நம்மளால முடிஞ்சது.”

விலகுவதில்தான் அண்ணனின் உண்மையான திறமை இருக்கிறது. சந்தாவை நிறுத்தும் பொத்தானை எந்தக் கம்பெனியும் வாசலில் வைப்பதில்லை. செட்டிங்ஸுக்குள் போய், திட்டத்துக்குள் போய், ‘நிச்சயமாகவா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, ‘ஏன்?’ என்ற கேள்விக்குக் காரணம் சொல்லி, ‘இன்னும் 40 சதவீதம் தள்ளுபடி தந்தால்?’ என்ற சபலத்தையும் தாண்ட வேண்டும். சேருவது எவ்வளவு சுலபமோ, விலகுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் அமெரிக்க அரசின் ஃபெடரல் டிரேடு கமிஷன் ஒரு விதி கொண்டுவந்தது. ஊரே மகிழ்ந்தது. அண்ணன் மட்டும் இடிந்துபோனார். “அப்புறம் யார் வேணாலும் கேன்சல் பண்ணிடுவானே? நம்ம கைத்தொழிலுக்கு என்ன மரியாதை?” 2025 ஜூலையில், அந்த விதி முழுதாக அமலுக்கு வருவதற்குச் சில நாள் முன்பு, நடைமுறையில் குறை இருக்கிறது என்று அப்பீல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அன்றைக்கு அண்ணன் வீட்டில் கேசரி.

பெட்டி வருகிற நாளில் அண்ணனை அடுப்படியில் பார்க்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளாக அவர் சமையலறைக்குப் போனது தண்ணீர் குடிக்க மட்டும்தான். இப்போது இடுப்பில் ஏப்ரன் கட்டி, கார்டைச் சுவரில் ஒட்டி, செஃப் மாதிரி நிற்பார். எலுமிச்சைத் தோலைத் துருவு என்று கார்டில் இருக்கும். “பழத்தை விட்டுட்டுத் தோலைத் துருவச் சொல்றானே?” என்று அண்ணியைக் கூப்பிடுவார். உப்பு, மிளகு, எண்ணெய் உங்கள் வீட்டிலேயே இருக்கும் என்று கார்டில் போட்டிருக்கும். எந்த டப்பாவில் இருக்கும் என்று போட்டிருக்காது. மறுபடியும் அண்ணியைக் கூப்பிடுவார். கார்டுக் கணக்கில் அரை மணி நேரம்; அண்ணன் கணக்கில் ஒரு கிரிக்கெட் இன்னிங்ஸ்.

இரண்டு பேருக்கு அரை கப் அரிசி வந்திருக்கும். அதைப் பார்த்ததுமே அண்ணி ஒன்றும் பேசாமல் குக்கரில் தனியாக அரிசி வைத்து, ஒரு ரசமும் வைத்துவிடுவார். தாய்லாந்துத் தேங்காய்ப்பால் கறி என்று வந்ததில் கடைசி நிமிடத்தில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, ஒரு கரண்டி சாம்பார்ப் பொடியையும் தூவுவார். அண்ணன் அதைத் தாய்லாந்து என்பார். சாப்பிட்டவர்கள் தஞ்சாவூர் என்பார்கள்.

ஆறு மாதம் தங்க வந்திருந்த அம்மா, பெட்டி பிரிக்கிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஒரு பொட்டலத்தில் ரெண்டு பல் பூண்டு. ஒரு பொட்டலத்தில் ஒரு சிட்டிகை சீரகம். பூரான் நீளத்தில் ஒரு துண்டு இஞ்சி. அம்மா முகம் வாடிப்போய்க் கேட்டார்: “ஏலே, இவ்வளவு சின்னச் சின்னதா மருந்து கட்டிக் குடுத்திருக்கானே, வீட்டுல யாருக்குடா சொகமில்ல?”

ஃப்ரீஸர் விஷயம் தனிக்கதை. ஒவ்வொரு பெட்டியோடும் ஐஸ் பேக் வரும். பல பேக்குகளின் உள்ளே இருக்கிற ஜெல், குழந்தைகளின் டயப்பரில் ஈரத்தை உறிஞ்சுகிற அதே சோடியம் பாலிஅக்ரிலேட். தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதால், தூக்கிப் போட மனமில்லாத அண்ணன் எல்லாவற்றையும் ஃப்ரீஸரில் அடுக்குகிறார். முருங்கைக்காய் துண்டும் துருவின தேங்காயும் இருந்த இடத்தில் இப்போது ஐஸ் பேக்குகள் குடியேறிவிட்டன. பக்கத்துத் தெருவில் பிக்னிக் என்றாலும் ஐஸுக்குக் கூப்பிடுவது அண்ணனைத்தான்.

இத்தனை அட்டை, இத்தனை பிளாஸ்டிக், பூமி தாங்குமா என்று அண்ணி ஒரு நாள் கேட்டுவிட்டார். அண்ணனிடம் பதில் தயாராக இருந்தது. 2019இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு: கடையில் வாங்கிச் சமைக்கிற சாப்பாடு, அதே சாப்பாட்டை மீல் கிட்டில் சமைப்பதைவிடச் சராசரியாக 33 சதவீதம் அதிகமாகப் பசுமைக்குடில் வாயுக்களை வெளியேற்றுகிறது. அளந்து வருவதால் வீணாவது குறைவு, கடைக்குக் கார் எடுத்துப் போவதும் குறைவு என்பது காரணம். அண்ணி சாஃப்ட்வேர் டெஸ்டர். வேலையே ஓட்டை கண்டுபிடிப்பதுதான். “சரிங்க. அளந்து வந்த அரிசியோட நான் தனியா ஒரு குக்கர் வைக்கிறேன். பாக்ஸ் வந்த அன்னைக்கும் நீங்க பால் வாங்க, கொத்தமல்லி வாங்கன்னு காரை எடுத்துட்டு ஓக் ட்ரீ ரோடு போறீங்க. அந்த 33 சதவீதம் நம்ம வீட்டுல எந்த ரூம்ல இருக்கு?”

அண்ணனின் வீழ்ச்சி ஆவணி மாதத்தில் வந்தது. அடுத்த பெட்டி வேண்டாம் என்று சொல்ல ஐந்து நாள் முன்பு பசிபிக் நேரம் இரவு 11:59 வரை கெடு. நியூ ஜெர்சியில் அது விடியற்காலை 2:59. வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் பார்க்க எழாத அண்ணன், இதற்கு அலாரம் வைத்து எழுந்துவிடுவார். அந்த ஆவணியில் அக்கா மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு திருநெல்வேலி போயிருந்தார். அங்கே அந்தக் கெடு பகல் 12:29. அதாவது முதல் பந்தி. போன் மணவறைப் பக்கம் சார்ஜில் கிடந்தது. இலையில் பாயசம் விழுந்திருந்தது. விலகாமல் வாராவாரம் தள்ளிப்போட்டு வைத்திருந்தது மூன்று பெயரில் மூன்று கணக்கு; மூன்றும் சலுகை தீர்ந்து முழு விலைக்கு வந்துவிட்ட தருணம். 231 டாலர், பூட்டின வீட்டு வாசலில். ஆகஸ்ட் வெயிலில் ஐஸ் கரைந்து வழிகிற பெட்டிகளைப் பக்கத்து வீட்டு அமெரிக்கர் போட்டோ எடுத்து அனுப்பினார். முதல் பாக்ஸ்களில் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அந்தப் போட்டோவில் இருந்தது.

திரும்பி வந்ததும் அண்ணன் எல்லாச் சந்தாவையும் நிறுத்தினார். ஒரு வாரம் யாரிடமும் ஈமெயில் ஐடி கேட்கவில்லை. இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று அண்ணி சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் வேறொன்று சொன்னார். “இந்த வீட்டுல தினமும் என்னைக் கொல்றது சமையல் இல்லீங்க. இன்னைக்கு என்ன சமையல்ங்கிற கேள்வி. பாக்ஸ் வந்த மூணு ராத்திரி அந்தக் கேள்வி எனக்கு இல்ல. நீங்க காசு குடுத்தது காய்க்குன்னு நெனச்சீங்க. நான் அந்தக் கேள்விக்குன்னு நெனச்சேன்.” பெட்டியில் வந்த கார்டுகளையெல்லாம் அவர் டிராயரில் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். இப்போது செவ்வாயும் வியாழனும் ஒரு கார்டை உருவி அண்ணன் கையில் கொடுக்கிறார். அண்ணன் பட்டேல் பிரதர்ஸில் காய் வாங்கி வந்து சமைக்கிறார். பூண்டு முழுசாக இருக்கிறது. அரிசி இரண்டு கப் இருக்கிறது. உப்பு எந்த டப்பாவில் என்பது அவருக்கே தெரிகிறது.

ஆகவே மீல் கிட் காசுக்குத் தகுமா என்று கேட்கிறவர்களுக்குத் தீர்ப்பு இதுதான். இரண்டு பேரும் இருட்டி வீடு திரும்பி, ஆளுக்கு 25 டாலரும் டிப்ஸும் கொடுத்து வெளியிலிருந்து வரவழைத்துச் சாப்பிடுகிற வீடென்றால், 11 டாலர் சாப்பாடு லாபம்தான். சாம்பாரும் ரசமும் தினமும் கொதிக்கிற வீட்டுக்கு முழு விலைச் சந்தா தண்டச் செலவு. அடுப்பைத் தொடாத ஆண்பிள்ளை உள்ள வீட்டுக்கு, சலுகை விலையில் ஒன்றிரண்டு பெட்டி வாங்கலாம். வாங்குகிற அன்றைக்கே நிறுத்துகிற தேதியை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். பெட்டி நின்ற பிறகும் அவர் சமைத்தால், கொடுத்த காசு வீண்போகவில்லை.